இலாலா மரத்தில் வெட்டிய மூன்று பெயர்கள்

ஆப்பிரிக்கப் பயணி டேவிட் லிவிங்ஸ்டனின் இறுதி நாள்கள் பற்றி நாம் படிப்பவற்றில் பெரும்பகுதி, ஹோரஸ் வாலர் 1874இல் பதிப்பித்த கடைசி நாட்குறிப்புகளிலிருந்து வந்தது. லிவிங்ஸ்டன் கைப்பட எழுதிய கடைசி வரி 1873 ஏப்ரல் 27ஆம் தேதியது. அதன் பின் நடந்தவற்றை வாலர், லிவிங்ஸ்டனின் பணியாளர்களான சூசி, சூமா இருவரிடமும் கேட்டு எழுதினார். அதனால் அவர் நூலில் அந்த இருவரே தலைவர்கள். மற்றவர்கள் கூட்டமாகப் பின்னால் நிற்கிறார்கள். இந்த வாசிப்பை நான் ஏற்கவில்லை.

என் சான்று ஒரு மரம். இலாலாவில், சிதம்போ என்ற தலைவரின் ஊரில் லிவிங்ஸ்டனின் இதயத்தைப் புதைத்த இடத்தருகே நின்ற மரத்தில் எழுத்து வெட்டியவர் ஜேக்கப் வெயின்ரைட். அடிமைப் பிடியிலிருந்து மீட்கப்பட்டு, நாசிக் அருகே சரண்பூரில் சர்ச் மிஷனரி சொசைட்டியிடம் வளர்ந்து கல்வி கற்றவர். 1894இல் அங்கே போன பயணி ஈ. ஜே. கிளேவ் அந்த எழுத்தைப் படியெடுத்தார். லிவிங்ஸ்டனின் பெயர், 1873 மே 4 என்ற தேதி, அவற்றின் கீழே யசூசா, ம்னியாசேரே, உசோபெரே என மூன்று பெயர்கள்.

பின்னிரண்டும் மனுவா சேரா, சௌபெரே என்பதில் ஐயம் குறைவு. இவர்கள் 1872இல் பத்திரிகையாளர் ஸ்டான்லி அனுப்பிய ஆட்களோடு வந்தவர்கள். யசூசாவைச் சூசி என்று கொள்வதே வழக்கம். அது சரியானாலும் சூமா அங்கே இல்லை. தவறானால் வாலரின் இரு நாயகரும் இல்லை. எப்படிப் படித்தாலும் வாலரின் இணை உடைகிறது. மூன்று பெயர்களை வைத்துக்கொண்டு இவ்வளவு சொல்லலாமா என்று கேட்கலாம். ஆனால் நினைவிலிருந்து பின்னர் சொன்னதைவிட, நிகழ்ந்த இடத்திலேயே தோழர்கள் கண்முன் வெட்டிய எழுத்துக்கு எடை அதிகம். வெட்டியவர் தன் பெயரைக்கூடச் சேர்க்கவில்லை என்பது அந்த எடையைக் கூட்டுகிறது.

உடலைப் பாதுகாக்கச் செய்த வேலையும் இதையே சொல்கிறது. பயணக் குழுவின் ஃபரிஜாலா உடலைத் திறந்தார், சரண்பூரில் வளர்ந்த கேரஸ் ஃபாரர் உதவினார், வெயின்ரைட் அடக்க ஜெபம் வாசித்தார். உடலில் உப்பிட்டு, நாளுக்கொரு முறை புரட்டி, 14 நாள் வெயிலில் உலர்த்தினார்கள். அந்த மேட்டுநிலத்தில் மழைக்காலம் ஓய்ந்த வேளை அது. வாலர் இதைப் பக்தியாகக் காட்டினார். நான் இதில் பலர் பங்கிட்டுச் செய்த தொழிலறிவைக் காண்கிறேன். கடலோரம்வரை உடலைச் சுமந்து 1874 பிப்ரவரியில் பகமோயோ சேர்ந்ததும் அந்தக் கூட்டு முயற்சிதான்.

1874 ஏப்ரல் 18 அன்று வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் சவப்பெட்டிக்குத் துணை நின்றவர்களில் வாலரும் வெயின்ரைட்டும் இருந்தார்கள். சூசியும் சூமாவும் அடக்கத்துக்குப் பிறகே இங்கிலாந்து வந்தனர். எழுத்தை வெட்டியவர் அருகிலேயே இருந்தும், வாலர் தன் கதையை மற்ற இருவரின் வாய்மொழி மீதே நிறுத்தினார்.

தேதிச் சிக்கல் தீரவில்லை. மரத்தில் வெட்டியது இறந்த நாள் என்கிறார் வாலர். ஆனால் அவரே இறந்த நாளாகத் தருவது மே 1. மே 4 இதயத்தைப் புதைத்த நாளாக இருக்கலாம், பயணத்தில் நாள் எண்ணிக்கை பிசகியதாகவும் இருக்கலாம். இரண்டில் ஒன்றை முடிவாகச் சொல்லச் சான்று போதாது. தலைமை பற்றிய வாதம் இந்தத் தேதியைச் சார்ந்ததன்று. மரத்தின் மூன்று பெயர்களை விளக்காமல் இனி யாரும் சூசி, சூமா என்று மட்டும் எழுதக்கூடாது.