சல்லியகரணி, சந்தானகரணி

அருவாள் பட்டா காட்டுல நாங்க முதல்ல தேடுறது வெட்டுக்காயப் பூண்டு. தாத்தாப்பூன்னும் சொல்வாங்க. இலையைக் கசக்கிச் சாறு விட்டா சின்ன வெட்டுக்கு ரத்தம் நின்னுடும். இது நம்ம மண்ணுச் செடி இல்லை, அமெரிக்கக் கண்டத்துல இருந்து வந்த களை. இங்க வந்தப்புறம் அது செய்யிற வேலையையே நம்மாளுங்க அதுக்குப் பேரா வச்சுட்டாங்க.

இப்படி வேலையைப் பேராகக் கொண்ட பழைய மருந்துச் சொற்கள் மூன்று உண்டு. சல்லியகரணி, சந்தானகரணி, சமனியகரணி. இன்றைக்கு அகராதியில்தான் பார்க்க முடியும். நாலாவது சஞ்சீவி, அது எல்லாருக்கும் தெரியும். அனுமன் மலையோடு பெயர்த்து வந்தது நாலுக்கும் சேர்த்துத்தான். நாம சஞ்சீவியை மட்டும் வச்சுக்கிட்டு மத்த மூணையும் விட்டுட்டோம்.

சல்லியம் என்றால் உடம்பில் தைத்த அம்பு முனை, முள் போன்றவை. கரணி என்றால் செய்வது. உள்ளே தங்கியதை வெளியே கொண்டுவருவது சல்லியகரணி. வெட்டுப்பட்ட உடம்பை ஒட்டவைப்பது சந்தானகரணி. பழைய உருவத்தைத் திருப்பித் தருவது சமனியகரணி. கம்பர் மருத்துமலைப் படலத்தில் இந்த நாலு வேலையையும் பிரித்துச் சொல்கிறார்.

காவிய நம்பிக்கைதானேன்னு தள்ளிட முடியாது. காயத்தைத் தைக்கிற ஊசியைப் பதிற்றுப்பத்து பேசுது. குளத்தில் மூழ்கி எழும் மீன்கொத்தியை அதுக்கு உவமையாச் சொல்லுது. சித்த வைத்தியத்தின் 32 புறமருந்துகளில் சீலை, வர்த்தி இரண்டும் புண்ணுக்கானவை. சீலை மருந்தில் நனைத்த துணி. வர்த்தி, புரையோடின புண்ணுக்குள்ளே செலுத்துகிற மருந்துத் திரி. மேலே மூடுறதுக்கு ஒண்ணு, உள்ளே போறதுக்கு ஒண்ணுன்னு தனித்தனியா வச்சிருந்தாங்க.

எனக்கு இதுல முக்கியமாப் படுறது வரிசை. முதல்ல எடு, அப்புறம் ஒட்டு. மண்வெட்டி பட்ட காயத்துல காப்பித்தூளையோ சுண்ணாம்பையோ அப்பி மூடுற பழக்கம் இன்னும் இருக்கு. ரண ஜன்னிக் கிருமி மண்ணிலும் சாணத்திலும் இருக்குது, காத்துப் புகாத ஆழமான காயத்துலதான் பெருகும். அழுக்கை உள்ளே வச்சு மேலே மூடினா அதுக்கு வீடு கட்டிக் கொடுத்த மாதிரி. எந்த இலைச்சாறும் அதைத் தடுக்காது.

இன்னைக்கு எல்லாத்துக்கும் 'மருந்து'ன்னு ஒரே சொல். பேர் போனதோட வரிசையும் போயிடக் கூடாது. ஊர்ப்பக்கம் வந்து கால்ல ஏதாவது குத்திச்சுன்னா, ஓடுற தண்ணியில நல்லா கழுவுங்க. அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் டி.டி. ஊசி போடணுமான்னு கேளுங்க. பூண்டு வரப்புல எங்கேயும் போயிடாது.