முதியோர் குறித்த பல் மருத்துவ மாணவர்களின் மனப்பான்மை

மாணவர்களின் இந்த மனப்பான்மை, முதியோர் பல் மருத்துவத்திலும் பல் மருத்துவக் கல்வியிலும் ஆராயப்படும் பொருள். வயதைக் காரணமாக்கி ஒருவரைத் தாழ்வாகக் கருதுவது முதுமைப் பாகுபாடு எனப்படும். அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர் 1969இல் இதை ஒரு சமூகச் சிக்கலாக அடையாளம் காட்டினார்.

இதை அளக்க முன்பு பொதுவான வினாத்தாள்களே பயன்பட்டன. நேதன் கோகன் 1961இல் வெளியிட்ட அளவுகோலில் 34 கூற்றுகள் உண்டு. பல் மருத்துவ நாற்காலியருகே எழும் கேள்விகள் அதில் இல்லை. அக்குறையைப் போக்க, அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லியனார்டோ மார்க்கினியும் சக ஆய்வாளர்களும் பல் மருத்துவ மாணவர்களுக்கென்றே ஓர் அளவுகோலை உருவாக்கினர். முதல் வடிவில் 27 கூற்றுகள் இருந்தன. கிரேக்கம், போர்த்துக்கீசியம் உள்ளிட்ட மொழிகளிலும் அது சோதிக்கப்பட்டது.

மனப்பான்மை சிகிச்சையையே மாற்றிவிடும் என்பதுதான் இங்கே முக்கியம். வேர்ச் சிகிச்சையால் காப்பாற்றக்கூடிய பல்லை, "இந்த வயசுல எதுக்கு?" என்று பிடுங்கச் சொல்வதும், எதிரே அமர்ந்திருக்கும் பாட்டியை விட்டுவிட்டு மகனிடம் சம்மதம் கேட்பதும் இதன் விளைவுகளே. முதியவரின் வாயைப் புரிந்துகொள்ள அவர் மருந்துச் சீட்டையும் படிக்க வேண்டும். இரத்த அழுத்தம், மனச்சோர்வு ஆகியவற்றுக்கான சில மருந்துகள் உமிழ்நீரைக் குறைக்கும். வாய் வறண்டால் ஈறு இறங்கிய இடத்தில் வேர்ச்சொத்தை விழும். எலும்புத் தேய்வுக்கு பிஸ்பாஸ்போனேட் மருந்து எடுப்பவருக்குப் பல் பிடுங்கியபின் தாடையெலும்பு அழுகும் அபாயமும் உண்டு. இதையெல்லாம் விசாரிக்க நேரம் வேண்டும். பயிற்சியில் முடித்தாக வேண்டிய நோயாளி எண்ணிக்கையை, அதாவது கோட்டாவை, முடிக்க ஓடும் மாணவருக்கு அந்த நேரம் சுமையாகத் தெரிகிறது. வெறுப்பு என்று தோன்றுவதில் பெரும்பகுதி, போதிய பயிற்சி இல்லாததால் வரும் அச்சமே.

இந்தியாவில் முதியோர் பல் மருத்துவத்துக்குத் தனி எம்.டி.எஸ். பிரிவு இல்லை. சென்னை மருத்துவக் கல்லூரியில் மருத்துவர் வி. எஸ். நடராஜன் முதியோர் மருத்துவப் பிரிவைத் தொடங்கியது 1978இல். அப்படியொரு வளர்ச்சி பல் மருத்துவக் கல்விக்கு வாய்க்கவில்லை. இங்கே மாணவர் முதியவரைப் பெரும்பாலும் செயற்கைப் பல் துறையில், முழுப் பல் செட்டுக்கு வந்த "சிடி கேஸ்" (கம்ப்ளீட் டென்ச்சர்) ஆகவே சந்திக்கிறார். எண்ணிக்கை நிறைந்ததும் அந்தத் தொடர்பு முடிந்துவிடுகிறது.

வகுப்புரை மட்டும் இந்த மனப்பான்மையை மாற்றாது. அயோவாவில் இறுதியாண்டு மாணவர்கள் எடுத்துச்செல்லத்தக்க கருவிகளோடு முதியோர் இல்லங்களுக்கே போய்ச் சிகிச்சை அளித்திருக்கிறார்கள். முதியவர் என்ன சாப்பிடுகிறார், பல் செட்டைக் கழுவித் தருவது யார், கை நடுங்கினால் எப்படித் துலக்குகிறார் என்பதை அங்கே நேரில் பார்க்கலாம்.