புத்தகக் கடையா, நூலகமா?

லினக்ஸில் சாளரமும் பொத்தானும் கொண்ட நிரலைக் கம்பைல் செய்யும்போது "லைப்ரரி இல்லை" என்று பிழை வருமே, அதற்கொரு வரலாறு உண்டு.

1996-ல் பெர்க்லி மாணவர்கள் ஸ்பென்சர் கிம்பாலும் பீட்டர் மேட்டிஸும் 'கிம்ப்' என்ற பட நிரலை இலவசமாக வெளியிட்டார்கள். ஆனால் அதைக் கம்பைல் செய்ய 'மோட்டிஃப்' லைப்ரரி வேண்டும். அது விலைக்குத்தான் கிடைத்தது. பிரெஞ்சில் 'லிப்ரெரி' என்றால் புத்தகக் கடை, 'பிப்ளியோதேக்' என்றால் நூலகம். மோட்டிஃப் கடைதான்! காசில்லாதவர் மூல நிரலைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தார். மேட்டிஸுக்கும் மோட்டிஃப் சலித்துப்போக, சொந்தமாக 'ஜிடிகே' எழுதினார். அது எல்லோருக்குமான நூலகம். 1997-ல் தொடங்கிய க்னோமும் அதன்மீதே எழுந்தது.

இன்று அதே பிழை வந்தால் காசு வேண்டாம். டெபியன், உபுண்டுவில் நிரல் ஓடுவதற்கான பாகம் வேறு, கம்பைலுக்கான பாகம் வேறு. அந்த லைப்ரரியின் பெயரோடு 'டெவ்' என்று முடியும் பொதியை நிறுவுங்கள், பெரும்பாலும் தீர்ந்துவிடும்.