கவற்றின் இதயம்

சூது என்றவுடன் நம் நினைவுக்கு வருபவர்கள் சகுனியும் தருமனும்தான். உருட்டியவன் வஞ்சகன், ஆடியவன் அப்பாவி என்று அந்தக் கதையை நாம் முடித்துவிடுகிறோம். ஆனால் அதே பாரதத்துக்குள் சூதைப் பற்றி இன்னொரு கதையும் இருக்கிறது. அதில் தோற்றவன் ஒருவன், தோற்றபின் அந்த ஆட்டத்தின் கணக்கைக் கற்றுக்கொண்டு திரும்பி வந்து வெல்கிறான். தற்செயலை ஒருவர் கற்றுக்கொள்ள முடியுமா, கற்றபின் அது தற்செயலாக எஞ்சுமா, அப்படிக் கற்பது அறமா என்ற மூன்று கேள்விகளுக்கும் அந்தக் கதையிலிருந்து ஒரு நூல் இழுக்கலாம்.

அந்த நூலின் ஒரு நுனி கூரத்தில் இருக்கிறது. காஞ்சிபுரத்தை அடுத்த இச்சிற்றூரை வைணவர்கள் கூரத்தாழ்வானின் ஊராக அறிவார்கள். அவருக்குச் சில நூற்றாண்டுகள் முன்பே, 7ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மன் அளித்த கூரம் செப்பேடு அதை வரலாற்றில் நிறுத்திவிட்டது. வடமொழியும் தமிழும் கலந்த அந்த ஆவணம் ஊரில் எழுப்பப்பட்ட சிவன் கோயிலுக்கு நிலக்கொடை வழங்குகிறது. பூசைக்கும் திருப்பணிக்கும் பங்கு ஒதுக்குவது எல்லாச் செப்பேடுகளிலும் காண்பதே. கூரத்தில் அதற்கும் மேலாக, மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கென்று தனியே ஒரு பங்கு ஒதுக்கப்பட்டது. ஆக, ஏறத்தாழ 1,300 ஆண்டுகளுக்கு முன் இவ்வூர் மக்கள் பாரதம் கேட்டிருக்கிறார்கள். வன பருவத்தில் வரும் நளன் கதையும் அவர்கள் செவியில் விழுந்திருக்க வேண்டும் எனக் கொள்ளலாம்.

கதையை நாம் அறிவோம். புட்கரனிடம் சூதில் நாடிழந்த நளன், கார்க்கோடகன் தீண்டி உருமாறி, வாகுகன் என்ற பெயரில் அயோத்தி மன்னன் இருதுபன்னனுக்குத் தேரோட்டுகிறான். தமயந்தியின் இரண்டாம் சுயம்வரம் என்ற செய்தி கேட்டு இருவரும் விதர்ப்பத்துக்கு விரைகிறார்கள். வழியில் ஒரு தான்றி மரத்தைக் கண்ட மன்னன், அதன் இலைகளையும் காய்களையும் நின்று எண்ணாமலே கணக்குச் சொல்கிறான்: உதிர்ந்தவை மரத்தில் உள்ளவற்றினும் 101 மிகுதி, இரண்டு கிளைகளில் ஐந்து கோடி இலைகள், 2,095 காய்கள். நளன் நம்பவில்லை. தேரை நிறுத்தி, எண்ணிப் பார்க்கிறான். கணக்குச் சரியாக இருக்கிறது. அங்கேயே ஒரு பண்டமாற்று நடக்கிறது. குதிரையின் இதயத்தை அறியும் வித்தைக்கு ஈடாக, கவற்றின் இதயத்தை அறியும் வித்தையை, வடமொழியில் அட்சஹிருதயத்தை, நளன் பெறுகிறான். பெற்ற கணத்திலேயே கலி அவனை விட்டு நீங்குகிறது.

காய் எண்ணுவதற்கும் சூதாடுவதற்கும் என்ன தொடர்பு? வேதகால ஆட்டத்தை ஆராய்ந்தவர்கள் தரும் விளக்கம் இந்த முடிச்சை அவிழ்க்கிறது. அக்காலத்தில் கவறாகப் பயன்பட்டது தான்றிக் காய்தான். குவியலிலிருந்து ஒரு கை அள்ளி நான்கு நான்காகக் கழிப்பார்கள். மீதியின்றி முடிந்தால் கிருதம். மூன்று மிஞ்சினால் திரேதம். இரண்டு எனில் துவாபரம். ஒன்று எனில் கலி, அதாவது தோல்வி. நான்கு யுகங்களின் பெயர்களும் இந்த ஆட்டத்தின் பெயர்களும் ஒன்றே. எனவே ஒரு குவியலைக் கண்டவுடன் அதன் எண்ணிக்கையை அறிபவனுக்கு அந்த ஆட்டத்தில் தற்செயல் என்று ஒன்று கிடையாது. இருதுபன்னன் கற்பித்தது மந்திரமல்ல. மீதி காணும் கணக்கு. இந்தப் பகுதியின் முக்கியத்துவத்தை மேலை உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர்களுள் ஒருவர், நிகழ்தகவின் தோற்றம் குறித்து 1975இல் நூல் எழுதிய தத்துவ அறிஞர் இயன் ஹாக்கிங்.

இந்த மீதிக் கணக்கு, எவரும் எதிர்பாராத ஓரிடத்தில் மீண்டும் தலைகாட்டியது. 1996இல் ஜப்பானில் வெளியான போக்கிமான் விளையாட்டில், ஆடுபவர் புல்வெளிகளில் அலைந்து விந்தை உயிரினங்களைப் பிடித்துச் சேர்க்க வேண்டும். எந்த உயிரினம் எதிர்ப்படும், அதன் பிறவிக்குணம் என்ன, வலிமை எவ்வளவு என்பவை எல்லாம் சமவாய்ப்பு எண்களால் தீர்மானிக்கப்பட்டன. அபூர்வ நிறத்தில் ஒன்று கிடைக்கும் வாய்ப்பு பல ஆண்டுகள் 8,192இல் ஒன்றாகவே இருந்தது. பலர் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். சிலர் நளனைப் போலத் தேரை நிறுத்தி எண்ணத் தொடங்கினார்கள்.

நிரலைப் பிரித்துப் பார்த்தவர்கள் கண்டது ஓர் எளிய சூத்திரம். இருக்கும் எண்ணை 110,35,15,245ஆல் பெருக்கு, 24,691ஐக் கூட்டு, வந்ததை 429,49,67,296ஆல் வகுத்து மீதியை எடு. அந்த மீதியே அடுத்த எண். தொடக்க எண்ணை வித்து என்பார்கள். வித்து தெரிந்தால் வரிசை முழுதும் தெரியும். 2004இல் வந்த எமரால்டு பதிப்பில், கருவியை இயக்கும் ஒவ்வொரு முறையும் வித்து பூச்சியமாகவே இருந்தது. வரிசை நொடிக்கு ஏறத்தாழ 60 அடி நகரும். வேண்டிய உயிரினம் எத்தனையாவது அடியில் இருக்கிறது என்று கணித்து, கடிகாரம் வைத்து, அந்தக் கணத்தில் பொத்தானை அழுத்தினால் போதும். 2006இல் வந்த பதிப்புகளில் வித்து தேதியையும் நேரத்தையும் கொண்டு அமைந்தது. ஆடுபவர்கள் கருவியின் கடிகாரத்தையே தமக்கு வேண்டியபடி திருப்பி வைக்கக் கற்றார்கள்.

இங்கே ஒரு வேடிக்கையை நாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். அந்த வரிசையைப் பூச்சியத்திலிருந்து தொடங்கி, ஒவ்வோர் எண்ணையும் தான்றிக் காய் போல நான்கால் வகுத்தால் மீதி 0, 3, 2, 1 என்றே வருகிறது. பின் மீண்டும் 0, 3, 2, 1. கிருதம், திரேதம், துவாபரம், கலி! யுகங்கள் முறை பிறழாமல் சுழல்கின்றன. பெருக்கும் எண்ணை நான்கால் வகுத்தால் மீதி ஒன்று, கூட்டும் எண்ணை வகுத்தால் மீதி மூன்று என்பதே காரணம். எண்ணின் அடிப்பகுதி இப்படி வெளிப்படையாகச் சுழலும் என்பதால்தான் விளையாட்டு அதன் மேற்பாதியை மட்டும் எடுத்துப் பயன்படுத்தியது. தற்செயல் போலத் தோன்றிய ஒன்றின் அடியில் இவ்வளவு ஒழுங்கு!

இது ஏமாற்றா? நிரலில் ஒரு வரியையும் மாற்றாமல், அதன் இயல்பை அறிந்து மட்டும் ஆடுவதைத் திருட்டு என்பது கடினம். நளனையும் நாம் திருடன் என்பதில்லை. ஆனால் தனியே எந்திரத்தோடு ஆடுபவனின் அறிவு, பலர் கூடும் போட்டிக்குள் வரும்போது நிறம் மாறுகிறது. அங்கே அறியாதவன் ஒருவன் எதிரே இருக்கிறான்.

இந்த வேறுபாட்டைக் காஞ்சிப் பகுதியே நமக்குக் கற்றுத் தந்திருக்கிறது. முதலாம் பராந்தகன் காலத்தில் 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், வாரியங்களுக்கு ஆள் தெரியும் குடவோலை முறையை விரிக்கின்றன. 30 குடும்புகளின் ஓலைகள் தனித்தனியே கட்டப்பட்டுக் குடத்தில் இடப்படும். சபை முழுதும் கூடியிருக்க, நம்பிமாருள் மூத்தவர் எல்லாரும் காணும்படி மேல்நோக்கியவாறு குடத்தை ஏந்தி நிற்பார். ஒன்றும் அறியாத பாலகன் ஒரு கட்டை எடுப்பான். அது வேறொரு குடத்தில் இட்டுக் குலைக்கப்படும். அதிலிருந்து எடுத்த ஓலையை மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரித்து உள்ளங்கையில் ஏற்று வாசிப்பான். பின் நம்பிமார் அனைவரும் அதை வாசிப்பார்கள். மேல்நோக்கிய கண், விரிந்த விரல், அறியாத குழந்தை: ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் செய்யக்கூடிய தந்திரத்துக்கு முன்கூட்டியே இடப்பட்ட தடை. அதற்கும் முன்பே மருதனிளநாகனார் அகநானூற்றின் 77ஆம் பாடலில், கயிறு பிணித்த குடத்தின் பொறியைக் கண்டு நீக்கி ஓலை எடுப்பவர்களை உவமையாக்கியிருக்கிறார். இருதுபன்னர்கள் எங்கும் இருப்பார்கள் என்று தமிழ்ச் சமூகம் எப்போதோ அறிந்திருந்தது.

இருந்தும் உத்திரமேரூரில் ஒரு வித்து இருந்தது. கால்வேலிக்கு மேற்பட்ட இறை நிலம், சொந்த மனையில் வீடு, 35க்கு மேல் 70க்குள் வயது, வேதக் கல்வி ஆகிய இவை உள்ள அந்தணர் பெயர்கள் மட்டுமே குடத்தை அடைந்தன. உழுதவர் பெயரோ பெண்கள் பெயரோ அதில் விழவில்லை. குடத்துக்கு வெளியே நிகழ்ந்த இந்தத் தெரிவை எந்தப் பாலகனின் கையும் மாற்றியிருக்க முடியாது. பூச்சியத்தில் தொடங்கிய எமரால்டைப் போல, வரிசை பெரிதும் முன்னரே எழுதப்பட்டுவிட்டது.

நளன் கதையைத் தருமனுக்குச் சொன்ன பிருகதசுவ முனிவர், இறுதியில் அட்சஹிருதயத்தையும் அவனுக்குக் கற்பித்துச் செல்கிறார். பின்னர் விராடன் அவையில் கங்கனாக அமர்ந்து கவறாடும் தருமன், சகுனியிடம் தோற்ற பழைய தருமன் அல்லன். புட்கரனை வென்ற நளனும் அவனை அழிக்கவில்லை; அவன் பங்கைத் திருப்பிக் கொடுத்து அனுப்புகிறான். குலுக்கலின் நேர்மையை ஆராயும்போது குலுக்குபவரின் கையை மட்டும் பார்த்தால் போதாது. வித்து எது, அதை இட்டவர் யார் என்றும் கேட்க வேண்டும். கூரத்து மண்டபத்தில் அன்று பாரதம் கேட்டவர்களின் பெயர்களும் பெரும்பாலும் எந்தக் குடத்திலும் விழாத பெயர்களே.