அசைபோடும் கால்நடைகளின் வயிற்றுப் பாக்டீரியா

மாடு, எருமை, ஆடு ஆகியவற்றின் நான்கு அறை வயிற்றில் முதலாவதும் பெரியதுமான ரூமனில், ஆக்சிஜன் இன்றி, சுமார் 39 டிகிரி செல்சியஸ் சூட்டில் வாழும் நுண்ணுயிர்த் தொகுதி. ரூமன் நீரின் ஒரு மில்லிலிட்டரில் 1,000 கோடிக்கும் மேற்பட்ட பாக்டீரியா இருக்கும். வைக்கோலின் செல்லுலோஸைச் சிதைக்கும் நொதி மாட்டுக்குக் கிடையாது. ஃபைப்ரோபாக்டர், ருமினோகாக்கஸ் போன்றவையே அதை உடைத்து அசிட்டிக், புரோப்பியோனிக், பியூட்ரிக் அமிலங்களாக்குகின்றன. மாட்டின் ஆற்றலில் பெரும்பங்கு இந்த அமிலங்களிலிருந்தே கிடைக்கிறது. பின்னர் அந்தப் பாக்டீரியாவும் செரிக்கப்பட்டுப் புரதமாகிறது. இந்தச் சிதைவின்போது உண்டாகும் மீத்தேன் ஏப்பமாக வெளியேறும். இந்த நுண்ணுயிர்களை ஆக்சிஜன் படாமல் வளர்க்கும் முறையை வகுத்தவர் அமெரிக்கரான ராபர்ட் ஹங்கேட். ரூமன் பற்றிய அவரது நூல் 1966இல் வந்தது.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் போன்று மேய்ச்சல் நிலம் ஆலை மனைகளாக மாறும் வட்டாரங்களில் இத்தொகுதியைப் பற்றிய அறிவு மாடு வளர்ப்போருக்கு மிகவும் தேவை. புல்லுக்குப் பதில் மீந்த சோற்றை மாடு திடீரென அதிகம் தின்றால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போவிஸ் என்ற பாக்டீரியா பெருகி லாக்டிக் அமிலம் சுரக்கும். நார் செரிக்கும் பாக்டீரியா மடியும். பொங்கலை ஒட்டி மாடுகள் வயிறு உப்பிச் சாய்வது பெரும்பாலும் இதனால்தான். உடனே கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். சோடா உப்புடன், நலமான மாட்டின் ரூமன் நீரையும் செலுத்தி மருத்துவர்கள் தொகுதியை மீட்பதுண்டு. அருகிலுள்ள காட்டுப்பாக்கத்தில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தீவன ஊட்டச்சத்து ஆய்வுகளை நடத்துகிறது.