காவலூரில் மங்கிய நட்சத்திரம்

வாணியம்பாடிக்குள் பஸ் நுழையும்போதே தோல் ஷாப் வாசனை மூக்கில் ஏறிவிடும். வாசனை என்று மரியாதைக்குச் சொல்கிறேன். காற்றில் மிதந்து வரும் சில மூலக்கூறுகள்தான் அது. அங்கிருந்து ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலை ஏறினால் காவலூர். மூக்குக்கு எட்டவே எட்டாத ஒரு காற்றை 1972இல் அங்கே தேடினார்கள்.

வைணு பாப்பு தேர்ந்தெடுத்த இடம். 1968இல் 38 செ.மீ. தொலைநோக்கியோடு வேலை தொடங்கியது. 1972இல் 102 செ.மீ. ஸைஸ் தொலைநோக்கி வந்தது. அந்த ஜூன் 7 அன்று வியாழனின் நிலவான கனிமீட் ஒரு நட்சத்திரத்தை மறைத்தது. காற்றில்லாத நிலவு என்றால் ஸ்விட்சைத் தட்டின மாதிரி நட்சத்திரம் பட்டென்று அணையணும். காற்று இருந்தால் அதன் மூலக்கூறுகள் ஒளியை வளைத்து விரித்துவிடும். நட்சத்திரம் மெல்ல மங்கும். காவலூரிலும் இந்தோனேசியாவின் லெம்பாங்கிலும் அந்த மங்கல் பதிவானது. கனிமீடுக்குக் காற்று உண்டு என்றார்கள்.

1979இல் வாயேஜர் 1 பக்கத்திலேயே போய்ப் பார்த்தது. முன்பு கணக்கிட்டதில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட அங்கே இல்லை. பிற்பாடு ஹப்பிள் மிக மெல்லிய ஆக்சிஜனைக் கண்டது. ஆக, காற்று உண்டு, அளவுதான் தப்பு. ஊர்ப்பெருமை பேசுகிறவர்கள் முதல் பாதியோடு நிறுத்திக்கொள்வார்கள். எனக்கு இரண்டாம் பாதிதான் பிடிக்கும்.

நட்சத்திர ஒளி ரொம்பச் சாது. மூலக்கூறின் எலெக்ட்ரானை லேசாக ஆட்டிவிட்டுப் போய்விடும், அவ்வளவுதான். 1985இல் மூரூவும் ஸ்ட்ரிக்லேண்டும் ரோசெஸ்டரில் லேசர் துடிப்பை நீட்டி, பெருக்கி, மறுபடி சுருக்கிக் காட்டினார்கள். அதற்குப் பிறகு மூர்க்கமான ஒளி பல ஆய்வகங்களுக்கும் கைக்கெட்டியது. ஒரு நொடியைப் பத்து கோடி கோடியாகக் கூறு போட்டால் ஒரு ஃபெம்டோ நொடி. சில பத்து ஃபெம்டோ நொடிகளே நீடிக்கும் துடிப்பு. குவிமையத்தில் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கோடி கோடி வாட். எலெக்ட்ரானைக் கட்டி வைத்திருக்கும் விசைக்கே அது சவால். எலெக்ட்ரான் பிய்ந்து வெளியே போகும். ஒளி அலை திசை மாறியதும் திரும்பி வந்து தன் சொந்த மூலக்கூறின் மேலேயே மோதும். அந்த மோதலில் புற ஊதா ஒளி தெறிக்கும். 1987இல் ஆன் லூலியே பிரான்சில் மந்த வாயுக்களில் கண்டது இந்தத் தெறிப்பைத்தான். அட்டோ நொடித் துடிப்புகள் அதிலிருந்து பிறந்தன. 2023இல் நோபலும் வந்தது.

நம் பக்கம், மும்பை டாட்டா ஆராய்ச்சி நிறுவனத்தில் தீபக் மாதுரின் குழு இப்படிப்பட்ட ஒளியில் மூலக்கூறுகள் எப்படி உடைகின்றன என்று பல வருஷங்கள் துண்டு துண்டாக அளந்துகொண்டிருந்தது.