துப்பாக்கியின் அளவும் ஆட்சியின் அச்சமும்

துப்பாக்கி என்பது தமிழில் பிறந்த சொல்லன்று. துருக்கியரின் ‘துஃபெக்’ பாரசீக, உருது வழிகளில் தென்னாடு வந்து துப்பாக்கியாயிற்று. அதனுள் இடும் ‘தோட்டா’வும் உருது தந்த சொல்லே. சொற்கள் தடையின்றி வந்து நம்மிடையே குடியேறிவிட்டன. ஆனால் அச்சொல் குறிக்கும் பொருளை யார் வைத்துக்கொள்ளலாம், எந்த அளவில் வைத்துக்கொள்ளலாம் என்பதற்கோ இருநூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. அவ்வரலாற்றின் முதல் ஏடுகளில் ஒன்று நம் நெல்லைச் சீமையில் எழுதப்பட்டது.

பதினெட்டாம் நூற்றாண்டின் நெல்லைச் சீமையில் பாளையம்தோறும் கோட்டை இருந்தது. கோட்டைதோறும் ஈட்டியும் திரித்துப்பாக்கியும் இருந்தன. மருதநாயகம் என்று நாம் அறியும் கான் சாகிபு யூசுப்கான், கும்பினியின் சிப்பாய்ப் படையை நடத்தி வந்து அடக்க முயன்றது இந்தச் சீமையைத்தான். பின்னர் அவரே கும்பினியை எதிர்த்து நின்று 1764இல் தூக்கிலேறினார். 1799 அக்டோபரில் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். உடனே தளபதி பானர்மன், கோட்டைகளை இடிக்கவும் ஆயுதங்களை ஒப்படைக்கவும் பாளையக்காரருக்கு ஆணையிட்டார். 1801 மே மாதம் பாஞ்சாலங்குறிச்சி மீண்டும் வீழ்ந்தது. அவ்வாண்டு டிசம்பர் 1ஆம் நாள் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட அறிக்கை, துப்பாக்கியும் ஈட்டியும் ஏந்துவோருக்கு மரணமே தண்டனை என எச்சரித்தது. இந்தியா முழுமைக்கும் ஆயுதச் சட்டம் வருவதற்கு 77 ஆண்டுகள் முன்னரே, தண்பொருநை நாடு அதன் கசப்பைச் சுவைத்துவிட்டது.

ஆயுதத்தைப் பறிப்பது ஒரு வழி. கொடுத்துக்கொண்டே அதன் வலிமையைக் குறைப்பது மற்றொரு வழி. இரண்டாவது வழியை ஆங்கிலேயர் 1857க்குப் பிறகு கற்றனர். கொழுப்புத் தடவிய தோட்டாவால் பழி சுமந்த 1853ஆம் ஆண்டு என்ஃபீல்டு துப்பாக்கியின் குழல் விட்டம் .577 அங்குலம். குழலின் உட்புறம் திருகுவரி வெட்டப்பட்டிருந்ததால் குண்டு சுழன்று சென்று தொலைவிலும் குறி தவறாது பாய்ந்தது. கிளர்ச்சி அடங்கியதும் இந்தியச் சிப்பாய்களுக்கென ஒரு தனித் துப்பாக்கி செய்யப்பட்டது. தோற்றம் அதுவே; ஆனால் வரிகளை அகற்றிக் குழலை வழுவழுப்பாக்கிவிட்டனர். குறியும் குன்றிற்று, தொலைவும் குன்றிற்று. வெள்ளைச் சிப்பாய்க்கு மார்ட்டினி-ஹென்றி வந்தபோது இந்தியச் சிப்பாயின் கையில் பழைய ஸ்னைடர் இருந்தது. ஒரு தலைமுறை பின்தங்கிய ஆயுதமே இந்தியனுக்கு உரியது என்பது எழுதாத விதியாயிற்று.

1878இல் லிட்டன் பிரபுவின் ஆயுதச் சட்டம் வந்தது. இந்தியன் உரிமம் பெற வேண்டும். ஐரோப்பியனுக்கோ அதிலிருந்து விலக்கு. இந்தச் சட்டத்தின் காலத்தில்தான் புகழ்பெற்ற .303 பிறந்தது.

அதன் அமைப்பை அறிந்துகொள்வது நல்லது. கதவின் தாழ்ப்பாளைத் தூக்கி இழுப்பது போல ஒரு கைப்பிடியைத் தூக்கிப் பின்னிழுத்தால் வெறுங்கூடு வெளியே விழும். முன்தள்ளித் தாழ்த்தினால் புதிய தோட்டா குழலுக்குள் ஏறிப் பூட்டிக்கொள்ளும். அமெரிக்காவில் வாழ்ந்த ஸ்காட்லாந்துக்காரரான ஜேம்ஸ் பாரிஸ் லீ வகுத்த பூட்டும், என்ஃபீல்டு தொழிற்சாலை தந்த குழலும் 1895இல் இணைந்து லீ-என்ஃபீல்டு ஆயின. பெட்டியில் பத்துத் தோட்டாக்கள், எடை ஏறத்தாழ நான்கு கிலோ, குழல் விட்டம்.303 அங்குலம், அதாவது 7.7 மில்லிமீட்டர். நம் ஊர்க் காவலர் நாவில் அது ‘த்ரீ நாட் த்ரீ’. வங்காளத்தின் ஈஷாப்பூரில் அதை இந்தியத் தொழிலாளரே செய்தனர். அதே வங்காளத்தின் தம்தம் தொழிற்சாலையில் செய்யப்பட்ட, உடலில் பட்டதும் விரிந்து கிழிக்கும் குண்டு உலகின் கண்டனத்துக்கு உள்ளாகி, 1899ஆம் ஆண்டு ஹேக் மாநாட்டில் விலக்கப்பட்டது.

துப்பாக்கி தேர்வோர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, ‘இதற்குத் தோட்டா எங்கே கிடைக்கும்?’ என்பதே. தோட்டா இல்லாத துப்பாக்கி வெறும் தடி. ஜெர்மானியர் 7.92, ருசியர் 7.62, சப்பானியர் 6.5 மில்லிமீட்டர் என ஒவ்வொரு நாடும் தனித்தனி அளவு கொண்டிருந்தன. 1942இல் சிங்கப்பூர் வீழ்ந்த பின் உருவான இந்திய தேசிய இராணுவத்தில் மலாயாத் தமிழர் பலர் சேர்ந்தனர். அவர்கள் பெரும்பாலும் ஏந்தியவை ஆங்கிலேயரிடமிருந்து கைப்பற்றிய துப்பாக்கிகளே. கைப்பற்றிய தோட்டா எதுவோ அதற்கேற்ற துப்பாக்கி. வேறு தேர்வு அவர்களுக்கு இல்லை.

தோட்டாவே துப்பாக்கியின் உயிர் என்பதை ஆட்சியாளரும் நன்கறிவர். ஆகவே அவர்கள் தடுத்தது துப்பாக்கியை மட்டுமன்று, அளவையும்தான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் .450 அளவு வேட்டைத் துப்பாக்கிகள் இந்தியாவுக்குள் வருவது தடுக்கப்பட்டது. பழைய மார்ட்டினி-ஹென்றிகள் கிளர்ச்சியாளர் கையில் இருந்தால் அவற்றுக்கு அத்தோட்டாவின் குண்டு உதவிவிடும் என்ற அச்சமே காரணம். புலி வேட்டைக்கு வந்த துரைமார்களும் மன்னர்களும் .470, .465 என்ற புதிய அளவுகளுக்கு மாற வேண்டியதாயிற்று. காவலர்க்கும் அதே கணக்குத்தான். ஈஷாப்பூரில் லீ-என்ஃபீல்டைத் திருத்தி, வரியற்ற .410 துப்பாக்கி ஆக்கினர். தோட்டாப் பெட்டிக்குள் மரக்கட்டை அடைத்து, ஒரு முறைக்கு ஒரு தோட்டா மட்டும் இடும்படி செய்தனர். கூட்டம் அதைப் பறித்துக்கொண்டாலும் பெரிய பயன் இராது.

இத்தனை எச்சரிக்கைக்கு நடுவே நெல்லை என்ன கண்டது? வ. உ. சிதம்பரனார் கைதானதும் 1908 மார்ச் 13இல் நெல்லை கொதித்தெழுந்தது. காவல்துறை சுட்டதில் நால்வர் மாண்டனர். 1911 சூன் 17இல் மணியாச்சி நிலையத்தில் ஆட்சியர் ஆஷ் சுடப்பட்டபோது வாஞ்சிநாதன் கையில் இருந்தது பெல்சியத்து பிரௌனிங் கைத்துப்பாக்கி. அவர் பயிற்சி பெற்றது பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியில். ஆங்கிலச் சட்டம் எட்டாத மண் அது. நூறாண்டு காவலை ஒரு சிறு துப்பாக்கி தாண்டிவிட்டது.

விடுதலை இயக்கம் இச்சட்டத்தை அவமானமாகவே கருதிற்று. 1931ஆம் ஆண்டு கராச்சி காங்கிரசின் அடிப்படை உரிமைத் தீர்மானத்தில், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமையும் இடம் பெற்றது. ஆனால் 1950இன் அரசியல் சட்டத்தில் அது இல்லை. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் 1962ஆம் ஆண்டு விதிகளும் அந்நியர் வகுத்த கணக்கையே பெரிதும் தொடர்ந்தன. .303, 7.62 ஆகிய படைத் தோட்டாக்களை ஏற்கும் துப்பாக்கிகளும் .410 காவல் துப்பாக்கியும் தடை செய்யப்பட்ட வகையில் சேர்ந்தன. அவற்றை வைத்திருக்க மத்திய அரசின் தனி அனுமதி வேண்டும்.

குடிமகனுக்கு எஞ்சியவற்றுள் குறிப்பிடத்தக்கவை இரண்டு. ஒன்று, தாமிரபரணிக் கரை உழவர் காட்டுப்பன்றி விரட்ட வைத்திருந்த இரட்டைக்குழல் 12 போர். ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டைக்கு என்ன விட்டமோ அதுவே அதன் குழலளவு. மற்றொன்று, ஈஷாப்பூர் செய்த .315 துப்பாக்கி. பூட்டு லீ-என்ஃபீல்டின் சாயல். தோட்டாவோ ஆஸ்திரிய-அங்கேரிப் பேரரசின் பழைய படைத் தோட்டா! எங்கோ மறைந்துபோன ஒரு பேரரசின் தோட்டா இங்கே குடிமகனுக்கு வாய்த்ததன் காரணம் ஒன்றே: அது நம் படையின் துப்பாக்கி எதிலும் நுழையாது.

.303இன் நாளும் முடிந்தது. 1962 சீனப் போரில் தானியங்கிக்கு எதிரே தாழ்ப்பாள் இழுத்துச் சுட்ட நம் வீரர் பட்ட பாட்டை நாடு கண்டது. ஈஷாப்பூர் அதையே உறுதியான எஃகில் 7.62 அளவுக்கு மாற்றிச் செய்தது. 1966இல் திருச்சியிலும் துப்பாக்கித் தொழிற்சாலை எழுந்தது. 1972இன் வனவிலங்குச் சட்டம் பொதிகை மலையடிவாரத்து வேட்டையையும் முடித்து வைத்தது. 2019இன் திருத்தம், ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது.

இதற்காக நாம் வருந்த வேண்டுமா? அரிவாள் ஒன்றாலேயே எத்தனை வீடுகளில் விளக்கணைந்தது என்பதை 1990களின் சாதிக் கலவரங்களில் கண்ட சீமை நம்முடையது. அவ்வீடுகளில் .303 இருந்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்று எண்ணவே நெஞ்சம் நடுங்குகிறது. கட்டுப்பாடு வேண்டும். ஆனால் கட்டுப்பாட்டின் காரணம் எது என்பது முக்கியம். அந்நிய அரசு தன் குடிகளுக்கு அஞ்சித் துப்பாக்கியின் அளவைக் குறுக்கிற்று. நம் அரசு குடிகளின் உயிரைக் காக்கவே அதைச் செய்ய வேண்டும். சட்டத்தின் சொற்கள் இரண்டிலும் ஒன்றாக இருக்கலாம். அதன் பின்னுள்ள கருத்து ஒன்றாக இருந்துவிடலாகாது. ஆயுதத்தைக் குடிகளிடமிருந்து வாங்கி வைத்துக்கொண்ட அரசுக்கு, ஆயுதமற்ற ஒவ்வொருவரையும் காக்கும் கடமை அன்றே ஏறிவிடுகிறது. 1801இல் ஆயுதம் இழந்த சீமையின் மக்கள் அக்கணக்கைக் கேட்க முழு உரிமை உடையவர்கள்.